யார்டில் பதில் சொல்லாத வண்டிகள்

ஆகஸ்ட் 3, திங்கள்

உரக்கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து அரிசி டின் மேல் கிடந்தது. இன்றுதான் தூசி தட்டினேன். கங்கைகொண்டானில் மின்சாரக் கார் எப்படிப் பெருகியது என்று நாளைக்கு யாராவது கேட்டால், பக்கத்தில் நின்று பார்த்தவன் எழுதியது ஒன்று வேண்டும். நான் எட்டாவது பாஸ், ஒன்பதாவது பாதி. அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்து பி.ஏ.வைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

தாரகை மோட்டார்ஸில் நான் யார்டு டிரைவர். லைன் கடைசியில் கார் தரையில் கால் ஊன்றியதும் அதில் முதன்முதலாக ஏறி உட்காருகிறவன் இந்த வண்டிமலையான்தான். கலெக்டரே வாங்கினாலும் நான் உட்கார்ந்து எழுந்த சீட்டில்தான் உட்கார வேண்டும். ஓட்டிப்போய் வெளி மைதானத்தில் வரிசையாக நிறுத்துவேன். அந்த மைதானத்துக்குத்தான் யார்டு என்று பெயர். அங்கிருந்து லாரி ஏறி ஊர் ஊருக்குப் போகும்.

இன்று காலை எல்லோரையும் கூட்டி வைத்து, சுதந்திர தினத்துக்குள் ஆயிரம் கார் லாரி ஏறியாக வேண்டும் என்றார்கள். போன மாதம் முழுக்க ஏறியதைப் போல மூன்று மடங்கு. பெரிய முதலாளி பம்பாயிலிருந்து வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, தோளில் கை வைத்து, "உங்களை நம்பித்தான் ஃபேக்டரியே" என்றார்.

சாயங்காலம் அக்கா வீட்டில் இதைச் சொன்னேன். அக்கா மகள் முத்துப்பேச்சி சிரித்தாள். அவளும் அங்கேதான் வேலை. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

"மாமா, நானும் பக்கத்துலதான நின்னேன். அவரு கை கழுவ எடம் எங்கன்னுல கேட்டாரு."

"அதுக்கு முன்னாடி சொன்னாரு. நீ கவனிக்கல."

ஆகஸ்ட் 4, செவ்வாய்

வெயிலில் தார் உருகுகிறது. யார்டில் நிழலுக்கு ஒரு வேப்பங்கன்று கிடையாது. ஆபீசர்கள் யாரும் அங்கே கால் வைப்பதில்லை. ஒரு வண்டியைப் பார்க்க வேண்டும் என்றால், "அதை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டாங்க" என்று வாக்கி டாக்கியில் சொல்வார்கள். வண்டிதான் அவர்களிடம் போகும். அது நமக்கும் வசதி.

இந்தக் காரில் இரண்டு பேட்டரி. பெரியது அடியில், பாய் மாதிரி படுத்துக் கிடக்கும். அதுதான் ஓட வைப்பது. சின்னது முன் மூடிக்குள், மற்ற கார்களில் இருப்பது போலவே. பூட்டு, விளக்கு, திரை எல்லாம் அதில். யார்டில் நாள்கணக்கில் நிற்கிறபோது சின்னது செத்துப்போகும். போன மாதம் இரண்டு வண்டி அப்படிப் படுத்துவிட்டது என்று எங்களைத்தான் ஏசினார்கள்.

நான் யார்? மதுரை எக்ஸ்பிரஸ் ஓட்டியவன். டிப்போவில் பஸ் நின்றால் பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி வைப்போம், சார்ஜ் இறங்காது. அதே வித்தையை இங்கே இறக்கினேன். வண்டியை நிறுத்தியதும் முன் மூடியைத் தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைப்பது. கதவைச் சாத்தாமல் ஒட்டி விடுவது. வண்டியைக் கேட்டால் திரும்ப மாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போவது. மற்ற டிரைவர்கள் நாலு பேருக்கும் கற்றுக் கொடுத்துவிட்டேன். சிலுவைதான் வேகமாகக் கற்றுக்கொண்டான். "அண்ணாச்சி, நீங்க இஞ்சினியருக்குப் படிச்சிருக்கணும்" என்றான். ஜப்பான்காரனுக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது.

முத்துப்பேச்சி இருந்தால், "எக்ஸ்பிரஸா? தாழையூத்து மினிபஸ்ஸுலா" என்பாள். அவளுக்கு எல்லாவற்றையும் சுருக்கிச் சொல்லும் வியாதி.

ஆகஸ்ட் 6, வியாழன்

ஃபேக்டரியில் என்னவோ கோளாறு.

இந்த வாரத்திலிருந்து ஒரு புது ஏற்பாடு. ஆபீஸ் கம்ப்யூட்டர் ராத்திரியில் யார்டில் நிற்கிற ஒவ்வொரு காரையும் கூப்பிடுமாம். கார் "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டுமாம். சொன்னால் அதற்குள் சாஃப்ட்வேர் என்கிற புதுப் பாடத்தை ஏற்றுவார்கள். பாடம் ஏறிய கார்தான் லாரி ஏறலாம். விரதம் இருந்தவன்தான் காவடி எடுக்கலாம், அந்த மாதிரி என்று சிலுவையிடம் விளக்கினேன்.

நேற்று ராத்திரி கூப்பிட்டதில் பாதிக்கு மேல் பதில் இல்லை. காலையில் சென்னியப்பன் சார் ஆபீஸில் சுவர் அகலத் திரை முழுக்கச் சிவப்புப் புள்ளி. அவர்தான் பிளாண்ட் மேனேஜர், பொள்ளாச்சிக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். இன்று உயர்த்தினார். லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கின்றன. ஆயிரம் எங்கே, நூறைத் தாண்டவே வழியில்லை.

பதில் சொல்லாத காரில் ஆறு ஏழைக் கொண்டுவரச் சொன்னார். மாட்டினோம், ஓட்டினோம், கொண்டுபோய் நிறுத்தினோம். ஒர்க்ஷாப்பில் எல்லாம் குயில் மாதிரிப் பேசியது. இஞ்சினியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். படிப்பு எல்லாம் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

பழி முத்துப்பேச்சியின் குழு மேல் விழுந்திருக்கிறது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் கட்டைச் செருகுவது அவள் குழுவின் வேலை. எல்லாம் சுற்று வட்டாரத்துப் பெண்பிள்ளைகள், இவள் அவர்களுக்குத் தலைவி. செருகினால் "கிளிக்" என்று சத்தம் வர வேண்டும். வேகம் கூட்டியதில் பிள்ளைகள் கிளிக் வருமுன்னே கையை எடுத்துவிடுகிறார்கள், இணைப்பு தளர்ந்து நிற்கிறது, அதனால்தான் கார் ஒரு நேரம் பேசுகிறது ஒரு நேரம் ஊமையாகிறது என்று ஒரு சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டான்.

சுதந்திர தினத்தன்று அந்தக் குழுவை நிரந்தரம் ஆக்குவதாக இருந்தது. அக்கா அதற்கென்று அரியநாயகிபுரத்துக் கோயிலில் நேர்ந்தே வைத்திருந்தாள்.

நான் சூப்பர்வைசரைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டேன். அதாவது, அவன் டீ குடிக்கப் போகிற வழியில் நின்று முறைத்தேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஞாயிறும் வேலை வைத்தார்கள். மத்தியானத்தோடு விட்டார்கள்.

முத்துப்பேச்சி நம் வீட்டுக்கு வந்தாள். அக்காவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரி இசக்கி சோறு போட்டாள். முத்துப்பேச்சி பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"புதன்கிழமைக்குள்ள காரணம் கண்டுபிடிக்கலன்னா எங்க எல்லாரையும் நிறுத்திருவாவளாம் மாமா. செல்வராணிக்கு இப்பத்தான் கல்யாணம் பேசியிருக்காவ. வேலை இருக்குன்னுதான் மாப்பிள்ளை வீட்டுல சம்மதிச்சாவ."

"நீங்க செஞ்சது தப்பா இருக்காது. நான் முதலாளிகிட்ட பேசுதேன்."

"யாருகிட்ட, கை கழுவ எடம் கேட்டவருகிட்டயா?" சொல்லிவிட்டு அழுதாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கிளிக் கேக்காம நான் ஒரு வண்டியக்கூட விட்டதில்ல மாமா. எனக்கு என் காது தெரியும். லைன்ல பேசுது. ஒர்க்ஷாப்புல பேசுது. யார்டுல நிக்கும்போது மட்டும் செத்துப்போகுது. அது எப்படி?"

"பேசுறதுன்னா என்ன? கொஞ்சம் விளக்கமாச் சொல்லு."

"முன்னாடி சின்ன பேட்டரி இருக்குல்லா. அதுல இருந்து ஒரு பொட்டிக்கு எப்பவும் கரண்டு போகும். வண்டி தூங்குனாலும் அந்தப் பொட்டி முழிச்சிருக்கும். அதுதான் பதில் சொல்லும். அதுக்குக் கரண்டு போகாம இருக்க வழியே இல்ல."

இசக்கி மோர் கொடுத்தாள். குடித்தேன். இன்று இவ்வளவு போதும்.

ஆகஸ்ட் 10, திங்கள்

வெயில். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

யோசித்துப் பார்த்ததில், பழைய வித்தை இந்தப் புது வண்டிக்குத் தேவையில்லை என்று முடிவு செய்தேன். நானாக எடுத்த முடிவு. யாரும் சொல்லி அல்ல.

சிலுவையையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் யார்டு முழுவதும் மைனஸை மாட்டிவிட வேண்டும் என்றேன்.

"ஏன் அண்ணாச்சி? நீங்கதான கழட்டச் சொன்னீய?"

"காத்து மாறிட்டுடே. இந்தக் காத்துக்குக் கழட்டக் கூடாது."

சிலுவை என்னையே பார்த்தான். அவன் மக்கு இல்லை. ஸ்பேனரை எடுத்தான். சோறு தின்னாமல் ஐந்து பேரும் குனிந்து குனிந்து மாட்டினோம். மூடி ஒவ்வொன்றும் தோசைக்கல் மாதிரி சுட்டது. என் உள்ளங்கையில் கொப்புளம். இசக்கியிடம் வெல்டிங் பொறி பட்டது என்று சொன்னேன்.

நாளைக்கு எல்லாம் பேசும். பேசினால் பிரச்சினை தீர்ந்தது, முத்துப்பேச்சியும் தப்பினாள், நானும். காதும் காதும் வைத்த மாதிரி ஒரு ஃபேக்டரியைக் காப்பாற்றிய ஆள் இந்த ஜில்லாவில் வேறு யார்?

ஆகஸ்ட் 12, புதன்

மோசம் போனேன்.

எல்லாக் காரும் பேசியது. ஒன்று விடாமல் பச்சை. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மேலிடத்தில் குலை நடுங்கிவிட்டது. கெட்டே கிடந்தால் கண்டுபிடித்துவிடலாமாம். தானாகக் கெட்டு, தானாகச் சரியாகிற கோளாறு நாளைக்கு ரோட்டில், குடும்பத்தோடு போகும்போது கெட்டால் என்ன ஆகும் என்று கேட்டாராம் பம்பாய்க்காரர். ஒரு வண்டியும் லாரி ஏறக் கூடாது, எல்லாவற்றையும் பிரித்து ஒயர் கட்டை உருவிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. லைன் நின்றுவிட்டது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது.

முத்துப்பேச்சி குழுவின் அடையாள அட்டையை நாளைக் காலை பத்து மணிக்கு ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கமாக உட்கார்ந்து வந்தார்கள். ஒருத்தி மட்டும் வாய்விட்டு அழுதாள். முத்துப்பேச்சி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். நான் டிரைவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்குச் சென்னியப்பன் சார் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். முத்துப்பேச்சி ஏற்கனவே உள்ளே நின்றாள், பிள்ளைகளின் அட்டையை எல்லாம் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு.

"சார், ஒயர் கட்டுல ஒண்ணும் இல்ல. யார்டுல மைனஸக் கழட்டி வச்சது நான்தான். ஒர்க்ஷாப்புக்குக் கொண்டாரும்போது மாட்டிருவேன். செவ்வாய்க்கிழமை எல்லாத்தையும் மாட்டிட்டேன். அதான் பேசிச்சு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு அலுப்பாக இருந்தது, கோபம்கூட வரவில்லை.

"பெரியவரே, போன வாரம் எங்கிட்ட என்ன சொன்னீங்க? ஜனாதிபதிக்கே பஸ் ஓட்டுனேன்னீங்க. அதுக்கு முந்தின வாரம் இந்த பிளாண்டுக்கு எடம் பார்த்துக் குடுத்ததே நீங்கன்னீங்க."

"அது வேற சார்."

"அக்கா புள்ள மேல உங்களுக்குப் பாசம், எனக்குப் புரியுதுங்க. அதுக்காக எல்லாத்தையும் உங்க தலையில இழுத்துப் போட்டுக்கிட்டா எப்படிங்க? போய் வேலையப் பாருங்க."

முத்துப்பேச்சி என் கையைப் பிடித்தாள். "மாமா, எனக்காகப் பொய் சொல்லாதீங்க. இன்னும் அசிங்கமாப் போகும்."

ஐம்பத்தெட்டு வருஷமாக நான் சொன்னதை எல்லாம் ஊர் சிரித்துக்கொண்டே நம்பியிருக்கிறது, அல்லது நம்பியது போல இருந்திருக்கிறது. இன்று சொன்னதை என் கையைப் பிடித்திருந்தவளே நம்பவில்லை.

"சார், அஞ்சு நிமிஷம் குடுங்க. நீங்க எழும்ப வேண்டாம். திரையை மட்டும் பாருங்க. நான் யார்டுக்குப் போறேன். நீங்க சொல்லுத வண்டி ஊமையாகும், நீங்க சொல்லும்போது பேசும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முத்துப்பேச்சியைப் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து மேஜையில் வைத்தார்.

யார்டுக்கு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், மூச்சு வாங்கியது. சிலுவையும் மற்ற மூன்று பேரும் நின்றார்கள். சிலுவையின் வாக்கி டாக்கியை வாங்கி, "சார், சொல்லுங்க" என்றேன்.

"நாலாவது வரிசை. கடைசி வண்டி."

மூடியைத் தூக்கிக் கழற்றினேன். வாக்கி டாக்கியில் கரகரவென்று இரைச்சல். கேட்டுக்கொண்டால் கம்ப்யூட்டர் பகலிலும் கூப்பிடுமாம், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு முறைதான். அந்த ஒரு நிமிஷம் வெயிலில் நின்றேன். பிறகு முத்துப்பேச்சியின் குரல்.

"போச்சு சார்! சிவப்பு!"

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். சார் சொன்னார், "திரும்ப மாட்டுங்க."

மாட்டினேன்.

"வந்துட்டு. பச்சை வந்துட்டு."

"ரெண்டாவது வரிசை. நடுவுல வெள்ளை வண்டி."

"போச்சு..."

"மாட்டுங்க."

"வந்துட்டு."

இந்த முறை அவள் குரலில் சந்தோஷம் இல்லை. மூன்றாவது வண்டிக்குச் சார் நம்பர் சொன்னார், நான் கழற்றினேன், ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம் போயிற்று, அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பிறகு சார் குரல், மெதுவாக: "சிவப்புதானுங்க, பெரியவரே."

பத்து நிமிஷத்தில் அவரே யார்டுக்கு வந்தார். அவர் வந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. கையைக் கண்ணுக்குக் குடையாக வைத்துக்கொண்டு வரிசைகளைப் பார்த்தார். ஒரு வண்டியின் மூடியைத் தூக்கச் சொன்னார். மைனஸ் நட்டில் ஸ்பேனர் கீறல். அடுத்தது. அதிலும் கீறல். அடுத்தது.

"இத்தனை வண்டியும் நீங்க ஒருத்தரேவா?"

எனக்குப் பின்னால் சிலுவை நின்றான். அவன் சட்டைப் பையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். சிலுவை வாயைத் திறக்கப் போனான்.

"ஒருத்தரேதான் சார்" என்றேன். "நம்ம கை வேகம் அப்படி. இவனுவளுக்குப் பேட்டரி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

சார் ஸ்பேனரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சரிங்க" என்றார்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

வேலையிலிருந்து நானே விலகிக்கொண்டேன். கேட்டில் செக்யூரிட்டிக்காரன் என் அட்டையையும் ஷூவையும் வாங்கி வைத்துக்கொண்டான். செருப்பு கொண்டுபோகவில்லை. பஸ் ஸ்டாப் வரை வெறுங்காலில் நடந்தேன், உடம்புக்கு நல்லது.

ஆகஸ்ட் 15, சனி

காலையில் மெயின்ரோட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் மேல்தட்டும் கீழ்த்தட்டுமாகக் கார்கள், முகத்தில் கொடி குத்தி. ஆயிரம் வரவில்லையாம். அறுநூற்றுச் சொச்சம். மிச்சத்துக்கு மாசக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்களாம்.

டீக்கடையில், "என்ன வே, கம்பெனியக் காப்பாத்திக் குடுத்துட்டு வந்துட்டீராமே?" என்றார்கள். எந்தப் புண்ணியவான் அப்படிக் கிளப்பிவிட்டானோ. ஆமாம் என்று வாய் வரை வந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிள்ளைகள் எல்லோரையும் நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள் என்று இசக்கிதான் கேள்விப்பட்டு வந்தாள். அக்கா கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிருக்கிறாள். எங்களைக் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 17, திங்கள்

முத்துப்பேச்சி காலையில் பஸ்ஸுக்குப் போகிறபோது நம் வாசல் வழியாகத்தான் போவாள். இன்று மேலத்தெரு சுற்றிப் போனாள்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

சாயங்காலம் வந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. வந்து, நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றாள். இசக்கி முறுக்குத் தட்டை நீட்டினாள். ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"யார்டுல போர்டு வச்சிருக்காவ" என்றாள், என்னைப் பார்க்காமல். "வரிசைக்கு ஒண்ணு. பேட்டரி படம் போட்டு, ஸ்பேனர் படம் போட்டு, குறுக்க செவப்புக் கோடு. தமிழு, இங்கிலீசு, இந்தி."

"மூணு மொழியிலயா?"

"ம்."

இசக்கி சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் போனாள். முத்துப்பேச்சி முகத்தில் அசைவில்லை.

"ஒரு வாரமா எனக்கு ஒறக்கமே வரல மாமா. செல்வராணி அழுதது அப்படியே காதுக்குள்ள கேக்குது. ஞாயித்துக்கிழமை நான் இங்க இருந்துதான் சொன்னேன். அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிட்டு. தெரிஞ்சும் நாலு நாளு."

"தெரிஞ்சிட்டு" என்றேன்.

வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். முத்துப்பேச்சி நிலைப்படியை விட்டு ஒரு அடி உள்ளே வந்தாள்.

"நேத்து சென்னியப்பன் சார் என்னைக் கூப்பிட்டு விட்டாரு. சிலுவை அண்ணனும் மத்த டிரைவர்களும் வெளியில நிக்காவ, மூஞ்சி வெளிறிப் போய். சார் கேக்காரு, 'ஏம்மா, நெசமாச் சொல்லு, அத்தனை வண்டியையும் உங்க மாமா ஒருத்தரே கழட்டியிருக்க முடியுமா'ன்னு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். இந்தப் பிள்ளை ஒரு பொய்யையும் நீளவிட்டதில்லை. என் எக்ஸ்பிரஸை மினிபஸ் ஆக்கியவள். முதலாளி என் தோளில் வைத்த கையைக் கழுவ அனுப்பியவள். சிலுவைக்கு மூன்று பெண் குழந்தைகள்.

"நீ என்ன சொன்ன?"

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"'முடியும் சார், எங்க மாமா கை வேகம் உங்களுக்குத் தெரியாது, மதுரை எக்ஸ்பிரஸ் ஓட்டுனவரு'ன்னேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தாள்.